கரியின் கணக்கு – 7: மிச்சம் பிடித்தவர்கள்

சென்ற பகுதியில் நியூகாமனின் இயந்திரத்தை 1712-இல் டட்லி கோட்டைக்கு அருகிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். சுரங்கத்துக்குள் ஊறிய தண்ணீரை அது இறைத்துக் கொட்டியது. கூலியாகக் கூடை கூடையாகக் கரியைத் தின்றது. கரிச் சுரங்கத்தின் வாசலிலேயே நின்றதால் அந்தத் தீனி யார் கண்ணையும் உறுத்தவில்லை. விலைபோகாத தூள்கரியை வாரிப் போட்டு ஓட்டினார்கள். அதே இயந்திரம் கார்ன்வாலுக்குப் போனபோதுதான் முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது.

கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி. அங்கே செம்பு உண்டு, வெள்ளீயம் உண்டு, நிலக்கரி மட்டும் கிடையாது. எரிக்கும் கரி அத்தனையும் தெற்கு வேல்ஸிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். செம்புச் சுரங்கம் ஆழமாக ஆழமாகத் தண்ணீர் கூடும். தண்ணீர் கூடினால் கரிச் செலவு கூடும். ஓர் ஆழத்துக்குக் கீழே செம்பு இருந்தும் எடுத்துக் கட்டுப்படியாகாது. தொழிற்புரட்சியின் சிக்கனப் புத்தி முழுவதும் இந்த மூலையில்தான் தீட்டப்பட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை.

ஜேம்ஸ் வாட் பிழைத்தது இந்த வயிற்றெரிச்சலில். நியூகாமன் இயந்திரத்தில், நீராவி நிரம்பிய உருளைக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சுருங்கும், பிஸ்டன் கீழே இறங்கும். கூடவே உருளையும் குளிர்ந்துபோகும். அடுத்த தடவை வரும் நீராவியில் பெரும்பங்கு அந்த இரும்பை மறுபடி சூடாக்குவதற்கே செலவாகும். வாட் செய்ததெல்லாம் குளிரவைக்கும் வேலையைத் தனிக் கலத்துக்கு மாற்றியதுதான். உருளை எப்போதும் சூடாக இருக்கும், கலம் எப்போதும் குளிர்ந்திருக்கும். 1769-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

காப்புரிமையைவிட அவரும் பர்மிங்காம் கூட்டாளி மாத்யூ போல்டனும் போட்ட வியாபார ஒப்பந்தம் சுவாரசியமானது. இயந்திரத்தின் பாகங்களுக்குச் சுரங்கக்காரர் பணம் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் ஆண்டுதோறும் ஒரு பங்குத் தொகை. பழைய இயந்திரம் இதே வேலைக்கு எவ்வளவு கரி தின்றிருக்கும், புதியது எவ்வளவு தின்றது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்கு. அதாவது அவர்கள் விற்ற சரக்கு இயந்திரமல்ல, எரிக்கப்படாத கரி. கார்ன்வால்காரர்கள் கொடுத்தார்கள், முணுமுணுத்தார்கள், தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 1800-இல் காப்புரிமை காலாவதியானபோது அவர்கள் விட்ட பெருமூச்சை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1811-இல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் ஒவ்வொரு மாதமும் ஒரு பட்டியல் அச்சிட ஆரம்பித்தார். எந்தச் சுரங்கத்தில் எந்த இயந்திரம், ஒரு புஷல் நிலக்கரியை எரித்து எத்தனை பவுண்டு தண்ணீரை ஓரடி உயர்த்தியது என்ற கணக்கு. இதற்கு ‘டியூட்டி’ என்று பெயர். பட்டியலில் கீழே கிடந்த இயந்திரத்தின் பொறியாளர் ஊரில் தலைகாட்ட முடியாது. போட்டி சூடுபிடித்தது. ட்ரெவிதிக் உயர் அழுத்த நீராவியைக் கொண்டுவந்தார். உருளைகளுக்குச் சட்டை மாட்டினார்கள், குழாய்களைப் பொதிந்தார்கள். நியூகாமன் காலத்தில் சில பத்து லட்சங்களாக இருந்த டியூட்டி, வாட் கையில் இரண்டு கோடியைத் தொட்டிருந்தது. 1835-இல் ஃபோவி கான்சல்ஸ் சுரங்கத்தில் நடந்த சோதனையில் ஒரே இயந்திரம் பன்னிரண்டு கோடியைத் தாண்டிக் காட்டியது. ரகசியம் காக்காமல், எல்லாரும் எல்லாருடைய எண்ணையும் பார்க்கும்படி பொதுவில் வைத்து அடைந்த முன்னேற்றம் இது. இன்றைய ‘எரிசக்திச் சிக்கன’ இலாகாக்கள் இந்த மாதப் பட்டியலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஒரே வேலைக்கு முன்பு எரிந்த கரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் போதும் என்றாகிவிட்டது. அப்படியானால் இங்கிலாந்தின் கரிச் செலவு என்ன ஆகியிருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டவர் பொறியாளர் அல்லர். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1835-இல் லிவர்பூலில் ஓர் இரும்பு வியாபாரியின் வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் தாய் இறந்தார். ரயில்வே பங்கு மோகம் வடிந்தபின் 1848-இல் குடும்பக் கம்பெனி திவாலானது. லண்டனில் படித்துக்கொண்டிருந்தவருக்கு, ஆஸ்திரேலியத் தங்க வேட்டையின் தயவில் திறக்கப்பட்ட சிட்னி நாணயச் சாலையில் உரைகல் வேலை கிடைத்தது. 1854-இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்.

சிட்னியில் அவர் பொழுது போனது மேகங்களைப் பார்ப்பதில். வெப்பநிலை, காற்றழுத்தம், மழை என்று நாள் தவறாமல் குறித்தார். கண்ணாடித் தொட்டியில் திரவங்களைக் கலந்து மேகத்தின் உருவங்களைச் செய்துபார்த்தார். ஆஸ்திரேலியாவின் தட்பவெப்பம் குறித்து நீண்ட கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் பொருளாதாரத்தைக் கணிதமாக்கியவர் என்று பாடப்புத்தகங்களில் இடம்பெறும் மனிதர், முதலில் ஒரு வானிலைக்காரர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1859-இல் லண்டன் திரும்பிப் பட்டம் முடித்தார். பிறகு மான்செஸ்டரில் ஆசிரியர் வேலை. தங்கத்தின் மதிப்புச் சரிவு பற்றி எழுதிய சிறு நூலைச் சிலரே படித்தார்கள். பலரும் பேசும் விஷயமாக எழுதினால்தான் பெயர் கிடைக்கும் என்று முடிவு செய்தார். சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் அதை மறைக்கவும் இல்லை. அப்போது பலரும் பேசிக்கொண்டிருந்த விஷயம் நிலக்கரி.

பேச்சைத் தொடங்கிவைத்தவர் பீரங்கி உற்பத்தியாளர் சர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். புவியியலாளர் எட்வர்ட் ஹல் 1861-இல் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: நாலாயிரம் அடி ஆழம்வரை பிரிட்டனில் சுமார் 8,000 கோடி டன் கரி இருக்கிறது, அன்றைய செலவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வரும். 1863-இல் நியூகாசிலில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைமையுரையில் ஆம்ஸ்ட்ராங், செலவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 212 ஆண்டுகள்தான் தாங்கும் என்றார். கரிக்குப் பெயர்போன ஊரில் போய் அப்படிச் சொன்னது தனி அழகு. பேசியதோடு நிற்கவில்லை, பதினைந்து ஆண்டு கழித்து க்ராக்சைடில் தன் வீட்டு விளக்கை ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து எரியவைத்தவரும் அவரே.

‘நிலக்கரிக் கேள்வி’ 1865-இல் வெளிவந்தது. ஜெவன்ஸுக்கு வயது இருபத்தொன்பது. ஆம்ஸ்ட்ராங் ஏறுமுகத்தைச் சேர்த்தார் என்றாலும், ஆண்டுக்கு இத்தனை டன் என்று ஒரே அளவாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கூட்ட வேண்டியதில்லை, பெருக்க வேண்டும் என்றார் ஜெவன்ஸ். செலவு ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் வளர்கிறது. அப்படியென்றால் இருபதாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 1861-இல் 8.36 கோடி டன். அதே வேகத்தில் போனால் 1961-இல் ஓராண்டுச் செலவு மட்டும் 260 கோடி டன். அப்படி நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. நடக்கவே முடியாது என்பதுதான் அவர் வாதம். கரி ஒரு நாள் திடீரென்று தீர்ந்துபோகாது. மேலாக இருப்பதை எடுத்தபின் ஆழத்துக்குப் போக வேண்டும், ஆழம் கூட விலை கூடும், விலை கூடினால் உலகின் பட்டறை என்ற பட்டம் மலிவுக் கரி வைத்திருக்கும் அமெரிக்காவுக்குப் போய்விடும். வட்டிக் கணக்குத் தெரிந்த எந்த லேவாதேவிக்காரருக்கும் விளங்கும் விஷயம். பாராளுமன்றத்துக்கு விளங்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

இந்தப் பயமுறுத்தலுக்கு எல்லாரும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்கள்: இயந்திரங்கள்தான் நாளுக்கு நாள் சிக்கனமாகின்றனவே, கரிச் செலவு தானாகக் குறையும். அந்தப் பதிலை ஜெவன்ஸ் எதிர்கொண்ட அத்தியாயத்துக்காகத்தான் நூலை இன்றும் படிக்கிறார்கள். லீனின் பட்டியல் இருபத்தைந்தாண்டில் எட்டிய சிக்கனத்தை அவர் எடுத்துவைத்தார். வாட்டுக்கு முந்தைய இயந்திரங்களையும் எடுத்துவைத்தார். தாமஸ் சேவரியின் முதல் நீராவி எந்திரம் பயங்கரமான தீனிப்பண்டாரம். அவ்வளவு கரி கொடுத்து அதை ஓட்ட யாராலும் முடியவில்லை. ஆகவே அதனால் நாட்டின் நிலக்கரிக்கு ஒரு குறைவும் வரவில்லை என்று கிண்டலாகச் சுட்டினார். கரி தின்பது குறையக் குறையத்தான் இயந்திரம் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது: பஞ்சாலைக்கு, மாவு ஆலைக்கு, கப்பலுக்கு, தண்டவாளத்துக்கு. ட்ரெவிதிக்கின் சிக்கனமான உயர் அழுத்த இயந்திரம் சிறியதாகவும் இருந்ததால்தான் அதைச் சக்கரத்தின் மேல் ஏற்ற முடிந்தது.

அவருடைய மிகக் கூரிய உதாரணம் ஸ்காட்லாந்து இரும்பு. கிளாஸ்கோ எரிவாயு நிலையத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் நீல்சன், ஊதுலைக்குள் ஊதும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினால் கரி மிச்சமாகும் என்று கண்டு 1828-இல் காப்புரிமை பெற்றார். ஒரு டன் இரும்புக்கான கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 1830-க்கும் 1863-க்கும் இடையில் ஸ்காட்லாந்து இரும்புத் தொழிலின் மொத்தக் கரிச் செலவோ பத்து மடங்காகியது. மலிவான இரும்பை உலகம் வாங்கித் தள்ளியது. அந்த இரும்பில் ரயில் போட்டார்கள். அந்த ரயில் கரியை இன்னும் மலிவாக இறக்கியது.

எஸ்.டி.டி. பூத் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே நல்லா இருக்கீங்களா, வச்சிடவா என்று பேசியவர்கள் நாம். நிமிடக் கட்டணம் பைசாவுக்கு இறங்கியபோது வீட்டின் தொலைபேசிச் செலவு இறங்கவில்லை.

இன்று இதற்கு ‘ஜெவன்ஸ் முரண்’ என்று பெயர் வைத்து, சிக்கனத்தால் ஒரு பயனும் இல்லை என்பதற்கு மந்திரம்போல் ஓதுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். புதிதாகப் பரவும் தொழில்நுட்பத்தில், தேவை தீராத பசியாக இருக்கும்போது, மிச்சம் அத்தனையும் விழுங்கப்பட்டு மேலும் கேட்கும். தேவை நிறைந்துவிட்ட இடத்தில் அப்படி நடப்பதில்லை. மைலேஜ் அதிகம் தரும் கார் வாங்கியவர் கொஞ்சம் கூடுதலாக ஓட்டுவார், இரண்டு மடங்கு ஓட்டமாட்டார். பிரிட்டனிலேயே இன்றைய மின் நுகர்வு 2005-ஐவிடக் குறைவு. ஜெவன்ஸ் சொன்னது இயற்கை விதியல்ல. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு தொழில் நாட்டைப் பார்த்து எழுதிய குறிப்பு. ஆனால் இன்றைய உலகில் பெரும்பகுதி 1865-இன் இங்கிலாந்தைப் போல வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நூல் முதலில் மெதுவாகத்தான் விற்றது. பதிப்பாளர் மக்மில்லன் ஒரு பிரதியை நிதியமைச்சர் கிளாட்ஸ்டனுக்கு அனுப்பினார். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் பாராட்டி எழுதினார். 1866 ஏப்ரலில் ஜான் ஸ்டூவர்ட் மில் பாராளுமன்றத்தில் எழுந்து ஜெவன்ஸின் பெயரைச் சொல்லிப் பேசினார். மே மாத பட்ஜெட் உரையில் கிளாட்ஸ்டனும் கரியைத் தொட்டார். ஆசிரியரை அழைத்தும் பேசினார். மான்செஸ்டர் வாத்தியாருக்குக் கேட்ட பெயர் கிடைத்துவிட்டது.

ஆனால் அவர்கள் எடுத்த முடிவைப் பாருங்கள். கரி குறையப்போகிறது, ஆகவே தேசியக் கடனை இப்போதே அடைக்க ஆரம்பிப்போம்! கரியை எரித்துத் தீர்க்கும் நாம், பின்வரும் தலைமுறைக்கு வெறும் சுரங்கத்தையும் கூடவே 80 கோடி பவுண்டு கடனையும் விட்டுப்போவது நியாயமில்லை என்பது மில்லின் வாதம். நேர்மையான வாதம்தான். ஒரு டன் கரியைக் குறைவாக எரிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜெவன்ஸும் சொல்லவில்லை. கரிக்கு வரி போடுவது, ஏற்றுமதியைத் தடுப்பது எல்லாம் தடையற்ற வணிகத்துக்கு விரோதம் என்று ஒதுக்கினார். தவிர, கரி ஏற்றுமதிக்கு வரி போடுவதில்லை என்று 1860-இலேயே பிரான்சுடன் ஒப்பந்தமும் இருந்தது. குறுகிய காலம் ஓங்கி வாழ்வதா, நெடுங்காலம் நடுத்தரமாக வாழ்வதா என்ற தேர்வை நூலின் கடைசியில் நாட்டின் முன் வைத்தார். நாடு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு மில்மீதுதான் மனத்தாங்கல். 1848-இல் வந்த தன் பொருளாதார நூலில், செல்வம் பெருகுவது ஒரு நாள் நின்றுவிடும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், மனிதன் மேம்படுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதியவர் அவர். தொழில் சமுதாயம் நிலைத்து வாழ முடியுமா என்ற கேள்விக்கு அந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட மிகத் தெளிவான பதில்களில் அது ஒன்று. மன்றத்தில் வாய்ப்பு வந்தபோது அவர் பேசியது கடனைப் பற்றி. வாக்குக் கேட்கும் இடத்தில் வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லும் தைரியம் தத்துவவாதிக்கும் வருவதில்லை போலும். கடன் திட்டமும் நிறைவேறவில்லை. ஜூனில் அரசு வேறொரு மசோதாவில் கவிழ்ந்தது.

அரசாங்கங்கள் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்யுமோ அதையே செய்தன: கமிஷன் போட்டன. ஆர்கைல் பிரபு தலைமையில் 1866-இல் அமைந்த ராஜாங்க நிலக்கரிக் கமிஷன் ஐந்தாண்டு உட்கார்ந்து 1871-இல் அறிக்கை தந்தது. கைக்கு எட்டும் கரி சுமார் 14,600 கோடி டன். ஹல் சொன்னதைவிட எவ்வளவோ அதிகம். நாடு நிம்மதியாகத் தூங்கப் போனது.

கமிஷனின் அந்தக் கரியில் பெரும்பகுதி இன்றும் பூமிக்கடியில்தான் கிடக்கிறது. பிரிட்டனின் உற்பத்தி 1913-இல் சுமார் 29 கோடி டன்னில் உச்சம் தொட்டு இறங்கிவிட்டது. ஜெவன்ஸ் பட்டியலின் 1961-ஆம் ஆண்டு வந்தபோது வெட்டிய கரி அவர் எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணெய் வந்தது, பிறகு வடகடல் எரிவாயு வந்தது. பெட்ரோலியத்தை அவர் அறிந்திருந்தார். கரியின் சாறுதானே, அதைவிடவும் அரிதானது என்று தள்ளிவிட்டார். காற்று, அலை, விறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் போதாது என்றார். விறகு விஷயத்தில் ஒரு வேடிக்கை: யார்க்ஷயரில் டிராக்ஸ் என்ற மாபெரும் கரி மின்நிலையம் இன்று அமெரிக்கக் காடுகளிலிருந்து கப்பலில் வரும் மரத்துண்டுகளை எரிக்கிறது. அந்தப் புகை மின்நிலையத்தின் கணக்கில் பூஜ்யம்.

சூரிய வெளிச்சத்தை என்றாவது சேகரிக்கக்கூடும் என்பதையும் ஜெவன்ஸ் ஒதுக்கவில்லை. அவருக்கு அது நற்செய்தியாகப் படவில்லை. அப்படி ஒன்று நடந்தால் இங்கிலாந்தின் தனிப் பெருமை அன்றோடு தீர்ந்தது என்று எழுதினார். சரியாகத்தான் எழுதினார்: கரி மான்செஸ்டர் பக்கம் இருந்தது, வெயில் ராமநாதபுரம் பக்கம் இருக்கிறது.

தவறு நடந்தது வேறு இடத்தில். ஜெவன்ஸ் லண்டனில் படித்து முடித்துக்கொண்டிருந்த அதே 1859-இல், கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆல்பமார்ல் தெருவின் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டல் ஒரு நீண்ட பித்தளைக் குழாயில் வாயுக்களை நிரப்பி வெப்பத்தைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜனும் நைட்ரஜனும் வெப்பக் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டன. நீராவியும் கரியமில வாயுவும் பிடித்துக்கொண்டன. 1861-இல் அறிவித்தார். டிண்டல் சோதனையைத் தொடங்குவதற்கு மூன்றாண்டு முன்பே, 1856-இல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடேறுவதைக் கண்டு, காற்றில் இந்த வாயு மிகுந்தால் பூமியும் சூடாகும் என்று எழுதியிருந்தார். அவருடைய கட்டுரையை அறிவியல் கூட்டத்தில் வேறொருவர்தான் படித்தார்.

ஆக, 1865-இல் இரண்டு தாள்களும் மேசைமேல் இருந்தன. ஒன்றில் வட்டிபோல் பெருகும் கரி. இன்னொன்றில் அந்தக் கரியின் புகை வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்ற செய்தி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத் தகுதியான ஆள் ஒருவர் இருந்தாரென்றால் அது சிட்னியில் மேகம் பார்த்த ஜெவன்ஸ். டிண்டலுக்கே அது தோன்றவில்லை. அவருக்குப் பனியுகங்கள் பற்றிய கவலை. தீர்ந்துபோவது எது என்று சுரங்கத்தின் அடியில் தேடினார்கள். தீர்ந்துகொண்டிருந்தது புகைபோக்கிக்கு மேலே இருந்த இடம்.

ஜெவன்ஸ் வானத்தைப் பார்க்காமல் இல்லை. 1870-களின் இறுதியில் அவர் பிடித்துக்கொண்டு விடாத கொள்கை, சூரியனின் கரும்புள்ளிகள் மழையை ஆட்டுகின்றன, மழை இந்திய விளைச்சலை ஆட்டுகிறது, இந்தியக் குடியானவன் கையில் காசில்லாமல் போனால் லங்காஷயர் துணி விற்காமல் நெருக்கடி வருகிறது என்பது. சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டுபோன காலம் அது. வில்லியம் ஹண்டர் 1877-இல் சென்னையின் மழைக் கணக்கை வைத்தே கரும்புள்ளிக்கும் பஞ்சத்துக்கும் முடிச்சுப் போட்டார். அந்தக் கொள்கை நிற்கவில்லை. வானிலை வணிகத்தை ஆட்டிவைக்கும் என்று அத்தனை உறுதியாக நம்பிய மனிதருக்கு, வணிகம் வானிலையை ஆட்டிவைக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

அவர் 1882 ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார், வயது நாற்பத்தாறு. காகிதம் தட்டுப்பாடாகிவிடும் என்று அவர் வாங்கிக் குவித்த தாள்களை ஐம்பதாண்டு கழித்தும் பிள்ளைகளால் தீர்க்க முடியவில்லை என்று கெய்ன்ஸ் பின்னாளில் குறும்பாக எழுதினார். அதே 1882 ஜனவரியில்தான் லண்டன் ஹோல்பர்ன் வயடக்டில் எடிசனின் கம்பெனி கரியை எரித்து மின்சாரம் எடுத்து ஊருக்கு வழங்கத் தொடங்கியிருந்தது.

அந்த மின்சாரக் கதை 142 ஆண்டு ஓடி 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. நாட்டிங்காம்ஷயரில் ராட்க்ளிஃப் மின்நிலையம் நிறுத்தப்பட்டபோது பிரிட்டனில் கரி எரித்து மின்சாரம் எடுக்கும் கடைசி இடமும் மூடியது. 2012-இல் நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கரியிலிருந்து வந்தது. பன்னிரண்டே ஆண்டில் ஒன்றுமில்லை. லீன் பட்டியல் போட்ட கார்ன்வாலில் சிக்கனம் செய்யாததை எது செய்தது? 2008-இன் பருவநிலைச் சட்டம், கந்தகப் புகைக்கு ஐரோப்பிய விதி, 2013 முதல் கரிம வெளியேற்றத்துக்கு அரசு வைத்த தரைவிலை, கைக்கெட்டும் எரிவாயு, வடகடலில் நட்ட காற்றாலைகள். கரியை எரிப்பது நஷ்டம் என்று ஆக்கினார்கள், மாற்றும் தயாராக இருந்தது. 1866-இல் மன்றம் வாயெடுக்கத் துணியாத வரி, நூற்றைம்பது ஆண்டு தள்ளி வந்தபோது வேலை செய்தது. 1990-க்குப் பின் பிரிட்டன் தன் மண்ணிலிருந்து விடும் பசுங்குடில் வாயுக்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. இதைச் சாதனை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே செப்டம்பர் 30 அன்று தெற்கு வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாட்டா ஸ்டீல் தன் கடைசி ஊதுலையை அணைத்தது. அங்கே பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை வரப்போகிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அதற்குப் பத்து நாள் முன்பு, செப்டம்பர் 20 அன்று, ஒடிசாவின் கலிங்கநகரில் அதே டாட்டா ஸ்டீல் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையை ஏற்றிவைத்திருந்தது. ஒன்றை மூடித்தான் இன்னொன்றைத் திறந்தார்கள் என்று சொல்வது சரியாகாது. இரண்டும் தனித்தனித் தீர்மானங்கள். காற்றுமண்டலத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. உலகம் எரிக்கும் நிலக்கரி 2024-இல் சுமார் 880 கோடி டன்னாகி, முன்னெப்போதும் இல்லாத உயரத்தில் நின்றது.

இரும்பில் சிக்கல் மின்சாரத்தைவிட முரடானது. மின்நிலையத்தில் கரி வெறும் விறகு. வெயிலோ காற்றோ அந்த இடத்துக்கு வந்துவிடலாம். ஊதுலையில் கோக் கரி தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும் வேலையையும் செய்கிறது. ஒரு டன் எஃகுக்குச் சுமார் இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுவது அடுப்பின் ஊதாரித்தனத்தால் மட்டுமல்ல, வேதியியலே அப்படி. பழைய இரும்பை உருக்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய இரும்பு வேண்டுமென்றால் முன்பு ஒரு காலத்தில் புது இரும்பு வார்த்திருக்க வேண்டும். நீல்சன் காலம் முதல் வார்த்துக் குவித்த நாட்டில் பாலங்களும் தண்டவாளங்களும் கார்களும் உதிரியாகித் திரும்பி வருகின்றன. இந்தியாவில் ஓர் ஆள் கணக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ எஃகு; உலகச் சராசரி அதன் இருமடங்குக்கும் மேல். இங்கே உடைத்து உருக்கப் போதிய பாலங்கள் இன்னும் கட்டப்படவே இல்லை. பருவநிலை மாநாடுகளில் ஆளுக்கு ஆள் விரல் நீட்டும்போது இந்த இரும்புக் கணக்கை ஒருவரும் மேசையில் வைப்பதில்லை.

கரியில்லாமல், ஹைட்ரஜனை வைத்துத் தாதுவைக் குறைக்கும் முயற்சி ஸ்வீடனில் நடக்கிறது. 2021-இல் அப்படிச் செய்த முதல் எஃகை வால்வோ கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அதன் விலையும் வேகமும் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம். இந்தத் தொடர் அடுத்ததாகப் போவதும் ஸ்வீடனுக்குத்தான், ஆனால் நூற்று முப்பது ஆண்டு பின்னோக்கி. 1894 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஸ்டாக்ஹோமில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் என்ற வேதியியலாளர், டிண்டலின் வாயு காற்றில் இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று பென்சிலும் தாளுமாகக் கணக்குப் போட உட்கார்ந்தார். ஏறக்குறைய ஓராண்டு எழுந்திருக்கவில்லை.